பெயிண்ட் கடைசியில் இருக்கட்டும்

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்து, மறுபடியும் ஓடவைக்கும் ஆர்வம் நம்மவரிடையே பெருகி வருகிறது. நல்ல ஆர்வம்தான். ஆனால் அந்த வேலை பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது என்பது என் கருத்து. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே டேங்கும் மட்கார்டும் பெயிண்ட் அடிக்கப் போய்விடுகின்றன. சைலன்சர் முலாம் பூசப் போகிறது. பிஸ்டன், ரிங், பேரிங், கார்புரேட்டர் என்று ஒரு பட்டியல் எழுதி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் வண்டி கண்ணைப் பறிக்கிறது. "அது சரி, இந்த வண்டி எதனால் நின்றுபோயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. பதிலைச் சொல்லியிருக்கக்கூடிய பழைய உறுப்புகள் அதற்குள் இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாணவ நண்பர்களே, ஓர் இயந்திரத்தை மீட்பது என்பது முதலாவதாக அது நின்றதற்கான காரணத்தைக் காண்பது. ஆகவே முதலில் அளக்க வேண்டும். அதன் பிறகே பிரிக்க வேண்டும். வேறு வழி இல்லை என்று அளவுகள் சொன்ன பின்னரே ஓர் உறுப்பை மாற்ற வேண்டும். பெயிண்ட் கடைசியில் இருக்கட்டும். இவ்வாறு செய்தால், உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்தில் பாதிக்கு மேற்பட்டது அந்த ஒரு வண்டிக்குள் இருப்பதைக் காண்பீர்கள். இவ்வாறு செய்யாவிட்டால் உங்களிடம் இருப்பது புதிய உறுப்புகளால் ஆன ஒரு பழைய பெயர்தான்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. தென்னாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் மிகவும் பழக்கமாயிருந்த ஜாவா 250 அதற்கு ஏற்றது. இந்தப் பெயருக்கும் ஜாவாத் தீவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1929ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த யானெச்செக் என்ற தொழிலதிபர், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிப்பை விலைக்கு வாங்கினார். இரு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜாவா என்று பெயரிட்டார். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு முதல் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் உரிமம் பெற்று இதைத் தயாரித்தது. 1970களில் இதன் வழிவந்த வண்டிகள் யெஸ்டி என்ற பெயர் பெற்றன. 1996இல் அந்த ஆலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயர் மீண்டும் சந்தைக்கு வந்தது; ஆனால் அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட வேறு வண்டி. நாம் பேசுவது ஒரே சிலிண்டரும் இரண்டு சைலன்சர்களும் கொண்ட பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றி. கிக்கராகவும் கியர் மாற்றும் மிதியாகவும் ஒரே இரும்புக் கம்பி அதில் வேலை செய்யும். 350 சி.சி. புல்லட்டின் பக்கத்தில் நிறுத்தினால் அது சிறிய வண்டிதான்.

என் தாய்மாமா வைத்திருந்த 1968ஆம் ஆண்டு ஜாவா ஒன்று எங்கள் வீட்டுக் கொட்டகையில் நெடுநாள் கிடந்தது. விடுமுறை நாள்களில் மட்டும் வேலை செய்து அதை ஓடவைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கீழே சொல்பவை பெரும்பாலும் அந்த வண்டி கற்றுக்கொடுத்தவை.

முதலில் சிலிண்டரைப் பாருங்கள். அதன் உள்விட்டம் 65 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 75 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுக்கான வாய்பாடு உங்களுக்குத் தெரியும். போட்டுப் பார்த்தால் 248.9 கன சென்டிமீட்டர் வரும். வண்டியின் பெயரிலுள்ள 250 என்பது இதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் என்ன? ஒரு சுற்றில் பிஸ்டன் 150 மில்லிமீட்டர் போய் வருகிறது. ஆகவே விநாடிக்கு 10 மீட்டர். இந்த வேகத்தில் பல்லாண்டுகள் உராய்ந்த சிலிண்டர் தேயாமல் இருக்குமா? தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் வண்டி ஓடத் தொடங்கியதும் சைலன்சரிலிருந்து வெண்புகை கொட்டியது. தெருவில் எதிர்வீடு தெரியவில்லை. அருகிலிருந்த பட்டறை ஒன்றில் காட்டினேன். "ரிங் போயிடுச்சு சார். போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாத்திடலாம்" என்றார்கள். போர் போடுவது என்றால் லேத் பட்டறையில் சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவது. அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் கன அளவு 252.7 ஆகிவிடும், அது பெரிய மாற்றமல்ல. ஆனால் குடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. இத்தனை முறைதான் ஒரு சிலிண்டரைக் குடையலாம் என்று ஓர் எல்லையும் உண்டு. ஆகவே குடைவதற்கு முன் அளப்பது முறை.

சிலிண்டரின் தேய்மானம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான் இருக்கும். பள்ளிக்கூடத்து வெர்னியர் அளவியால் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே அளக்க இயலாது. உள்விட்டத்தை நுட்பமாக அளக்கும் கருவிகள் பெரிய பட்டறைகளில் உண்டு, வீட்டில் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பிஸ்டன் ரிங் முழு வட்டமல்ல. அதில் ஒரு சிறு வெட்டு உண்டு. ரிங்கைக் கழற்றி, அதை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் மெல்லத் தள்ளிச் சமமாக நிறுத்துங்கள். ரிங் சிலிண்டர் சுவரோடு விரிந்து ஒட்டிக்கொள்ளும். வெட்டின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளால் அளந்துகொள்ளுங்கள். முதலில் பிஸ்டன் ரிங் என்றுமே எட்டாத அடிப்பகுதியில் அளக்க வேண்டும்; அங்கே தேய்மானம் இல்லை. அடுத்து, மிக அதிகமாகத் தேயக்கூடிய மேற்பகுதியில் அளக்க வேண்டும். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும் அல்லவா? ரிங்கின் நீளம் மாறாததால் அந்தக் கூடுதல் முழுவதும் இடைவெளியில் வந்து சேரும். அதாவது வட்டத்தின் விகிதமான பையே நமக்கு ஓர் உருப்பெருக்கியாக வேலை செய்கிறது! ரிங் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. இரண்டு இடங்களிலும் அதே ரிங்கைத்தானே பயன்படுத்துகிறோம்? கழித்தலில் அது போய்விடும்.

எங்கள் சிலிண்டரில் அடியில் இடைவெளி 0.45 மில்லிமீட்டர். மேலே 0.60. வேறுபாடு 0.15. இதை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். போர் போட வேண்டிய அளவுக்கு அது தேயவில்லை.

அப்படியானால் புகை எங்கிருந்து வந்தது? இங்கேதான் எஞ்சினின் வேலை முறையைச் சிந்திக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அடியிலுள்ள ஆயில், தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி மேலேறி எரிந்து புகையாகும். அதனால் "புகை என்றால் ரிங்" என்ற வழக்கு வந்தது. ஜாவாவைப் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. அந்த அறை ஒரு பம்பாகவே வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. கீழே வரும்போது அது அழுத்தப்பட்டுச் சிலிண்டருக்குள் செல்கிறது. கிராங்கின் இருபுறமும் இந்த அறையைக் காற்றுப் புகாமல் காப்பவை ரப்பர் ஆயில் சீல்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த ரப்பர் இறுகி, உதடு சுருங்கிவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் பழுதானால், கிளட்ச்சும் கியரும் மூழ்கியிருக்கும் ஆயில் அழுத்தக் குறைவால் உறிஞ்சப்பட்டு எரியும். டைனமோ பக்கத்துச் சீல் பழுதானால் புகை வராது. வெளிக்காற்று நுழைந்து கலவை நீர்த்துப்போகும். எஞ்சின் தானாக வேகமெடுக்கும், சூடேறும்.

கியர் ஆயிலின் மட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டு எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டினோம். மறுபடி அளந்தபோது மட்டம் இறங்கியிருந்தது. கீழே ஒரு சொட்டும் சிந்தவில்லை. வழக்கு முடிந்தது. மாற்றியது ஓர் ஆயில் சீல் மட்டுமே. தாய்மாமா காலத்துப் பிஸ்டன் அதே சிலிண்டரில் இன்றும் ஓடுகிறது.

பட்டறைக்காரர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் எஞ்சினின் ஒலியைக் கேட்டே இன்ன பேரிங் போய்விட்டது என்று சொல்வதை நான் பலமுறை கண்டு வியந்திருக்கிறேன். அதுவும் ஓர் அளவீடுதான். கருவி காதாக இருக்கிறது. ஆனால் அந்தக் காது முப்பது ஆண்டுகளில் வருவது. நமக்கோ ஃபீலர் கேஜும் பென்சிலும்தான் துணை.

அடுத்தது மின்சாரம். இந்தப் பழைய வண்டிகள் 6 வோல்ட் மின்சுற்று கொண்டவை. முன்விளக்கு மின்மினிப் பூச்சியாக எரிகிறது என்று சொல்லி உடனே எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். 6 வோல்ட், 35 வாட் விளக்கு என்றால் மின்னோட்டம் ஏறத்தாழ 5.8 ஆம்பியர், விளக்கின் மின்தடை ஏறத்தாழ 1.03 ஓம். இப்போது துருவேறிய எர்த் இணைப்பு ஒன்றில் வெறும் 0.2 ஓம் மின்தடை புகுந்துவிட்டது என்று கொள்வோம். மொத்தம் 1.23 ஓம், மின்னோட்டம் 4.9 ஆம்பியர். விளக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ 24.5 வாட்தான். பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. இதே 0.2 ஓம் 12 வோல்ட் சுற்றில் இருந்தால் 35 வாட் விளக்குக்கு 32 வாட் கிடைக்கும். விளக்கிழையின் மின்தடை வெப்பநிலையோடு மாறும் என்பதைக் கணக்கு எளிதாக இருப்பதற்காக விட்டுவிட்டேன். சேர்த்தாலும் முடிவு மாறாது.

ஆக, 12 வோல்ட்டுக்கு மாறியவர்கள் பழுதை நீக்கவில்லை. அது தெரியாதபடி செய்துவிட்டார்கள். துரு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளக்கை எரியவிட்டு, பாட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் உலோக உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வையுங்கள். முள் அசையக்கூடாது. நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 1 வோல்ட் காட்டும். அந்த இணைப்பைக் கழற்றி உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்கினால் செலவு எவ்வளவு ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மின்பொறி உண்டாகும் இடம் இன்னும் சுவையானது. பிளக்கின் இடைவெளியில் பொறி தாவ ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். இருப்பதோ 6 வோல்ட். ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று 1831இல் ஃபாரடே கண்டது இங்கே வேலை செய்கிறது. துண்டிப்பது பாயிண்ட் எனப்படும் சிறு உலோகத் தொடுமுனைகள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 50 முறை அவை பிரிந்து சேர வேண்டும். பிரியும்போது அவற்றினிடையே பொறி பறந்தால் மின்னோட்டம் மெல்லச் சாகும். தூண்டப்படும் அழுத்தமும் குறையும். அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் ஒரு கண்டென்சர், அதாவது மின்தேக்கி, இருக்கிறது. தூண்டு சுருளில் மின்தேக்கியைச் சேர்க்கும் இந்த உத்தியை 1853இல் சொன்னவர் ஃபீசோ. ஒளியின் வேகத்தைப் பல்சக்கரத்தால் அளந்தாரே, அவரேதான். பாயிண்ட் கருகித் தீய்ந்திருந்தால் புதுப் பாயிண்ட் வாங்கி மாட்டுவதோடு பலர் நின்றுவிடுவார்கள். கண்டென்சரைச் சோதிக்காவிட்டால் அந்தப் புதுப் பாயிண்டும் சில நாளில் தீய்ந்துவிடும். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா என்று அதே ஃபீலர் கேஜால் பார்க்கலாம்.

இனி, உயிருக்கே ஆபத்தானவை சிலவற்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்யும் வேலை என்பதால் இவற்றை விட்டுவிட முடியாது.

பெட்ரோல் டேங்க் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் அதன் இடுக்குகளில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம். அத்தகைய டேங்கை வெல்டிங் வைத்தால் அது வெடிகுண்டாகிவிடும். அது வீட்டு வேலையே அல்ல. டேங்கின் உட்துருவை நீக்கக் காட்டமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று தருகிறார்களே, அந்தச் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊறவைத்தாலே பெரும்பாலான துரு போய்விடும். சலவைச் சோடாக் கரைசலில் மின்பகுப்பு முறையிலும் துருவை எடுக்கலாம். டேங்கை எதிர்மின்வாயாகவும் ஒரு சாதாரண இரும்புக் கம்பியை நேர்மின்வாயாகவும் கொள்ள வேண்டும். துருப்பிடிக்காதே என்று எவர்சில்வரை நேர்மின்வாயாக வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுத்தன்மையுள்ள சேர்மமாகிவிடும். மின்பகுப்பில் ஹைட்ரஜன் வெளிவரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டியது இது.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளேயிருக்கும் கரும்பொடியை வாயால் ஊதுவது எல்லோருக்கும் பழக்கம். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். ஊதக்கூடாது, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். பிரேக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்வேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோகிராம் எடையோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 27,800 ஜூல். நிற்பதற்குள் இது முழுவதும் பெரும்பாலும் அந்த டிரம்களில் வெப்பமாக மாற வேண்டும். ஒரு சிறு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. எஞ்சின் ஓடிய மகிழ்ச்சியில் பிரேக்கைப் பாராமல் தெருவுக்கு ஓட்டிச் செல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். இறுகிப்போன பழைய டயருக்கும் இதுவே பொருந்தும். இவ்விரண்டில் மட்டும் நான் அளப்பதற்கு முன்பே மாற்றும் கட்சி.

இன்றைய பெட்ரோல் இந்த வண்டிகள் பிறந்த காலத்துப் பெட்ரோல் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். அதனுள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கலவைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 13.5 கிராம் வரும். கார்புரேட்டரின் துளை பழைய அளவிலேயே இருப்பதால், எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் எட்டு, ஒன்பது விழுக்காடு காற்று கிடைக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் நீர்த்த கலவை என்றால் சூடேறும் பிஸ்டன் என்று பொருள். பிஸ்டன் அலுமினியக் கலவை. ஜாவாவின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. வெப்பநிலை 150 டிகிரி உயர்ந்தால் 65 மில்லிமீட்டர் பிஸ்டன் ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர் விரியும், சிலிண்டரோ 0.11 மில்லிமீட்டர்தான் விரியும். இரண்டுக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளியை இந்த வேறுபாடு தின்றுவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; பின்சக்கரம் இறுகி நின்றுவிடும். ஓட்டுபவர் கிளட்ச்சைப் பிடிக்க ஒரு நொடிதான் உண்டு. ஆகவே கார்புரேட்டரின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்குவதும், பழைய ரப்பர்க் குழாயையும் பெட்ரோல் காக்கின் தக்கையையும் மாற்றுவதும் நியாயமான மாற்றங்களே. பழையதை அப்படியே வைக்க வேண்டும் என்று இதில் பிடிவாதம் பிடிப்பது அறிவுடைமையாகாது.

உங்களில் சிலர் இப்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும், கேட்டால் மகிழ்வேன். "ஐயா, புகை கக்கும் இந்த வண்டிகளை உயிர்ப்பிப்பது சரியா?" மிகவும் சரியான கேள்வி. பெட்ரோலோடு லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் ஆயில் கலந்து ஓடும் வண்டி இது. அந்த ஆயிலின் ஒரு பகுதி புகையாக வெளியேறுகிறது. அதைவிடப் பெரிய குறை வேறு உண்டு. புதுக் கலவை உள்ளே வரும் துளையும் எரிந்த புகை வெளியேறும் துளையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. எனவே வந்த பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கும் அதற்கு மேலும்கூட எரியாமலே வெளியே போய்விடுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கடுமையான புகை விதிகள் வந்ததும் இந்த எஞ்சின்கள் மோட்டார் சைக்கிள்களிலிருந்து மறைந்தது நியாயமே. அவை திரும்ப வர வேண்டும் என்று ஏங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த வண்டியில் தினமும் கல்லூரிக்குப் போவதும் தவறு. நான் மாதம் ஒருமுறை, நான்கைந்து கிலோமீட்டர், எஞ்சினின் மூட்டுகள் இறுகாதிருக்க ஓட்டுகிறேன், அவ்வளவே.

அதற்காக எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு அதே சட்டத்தில் மின் மோட்டார் பொருத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. மின்சார வண்டி வேண்டுமென்றால் நல்ல புது வண்டிகள் கிடைக்கின்றன. ஒரு தலைமுறை எப்படி எண்ணியது, எங்கே திறமையாக எண்ணியது, எங்கே பெட்ரோலை வீணாக்கியது என்பதை அந்தப் பழைய எஞ்சின் ஒன்றுதான் காட்ட முடியும். சட்டமும் இப்போது ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் பழம்பெரும் வாகனங்களாக வி.ஏ. என்ற எழுத்துகளோடு பதிவு பெறலாம். சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலைக்குக் கொண்டுவரலாம்.

"எங்கள் வீட்டில் ஜாவா இல்லையே" என்று சொல்ல வேண்டாம். இன்று அதன் விலை கூடிவிட்டது; மாணவர் எவரும் அதை வாங்கும்படி தந்தையைத் தொந்தரவு செய்வதை நான் விரும்பவில்லை. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 நினைவிருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதுவும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். அத்தகைய சிறு எஞ்சின்கள் இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஓட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. உங்கள் பள்ளி ஆய்வகத்து மேசைமேல் அப்படியொன்றை ஆசிரியரின் துணையோடு வைத்து, தலையைக் கழற்றி, ரிங்கின் இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். கிடைத்த எண்களையும் கணக்கையும் இந்த இதழுக்கு எழுதுங்கள். கழற்றிய மரைகளை எந்தத் துளையிலிருந்து வந்தவை என்று சீட்டு எழுதித் தனித்தனி டப்பியில் போட்டுவைக்க மறந்துவிடாதீர்கள்.